நம்ம ஊரிலேயே ஒரு கணினி வகுப்பு: நெல்லைச் சீமைத் தன்னார்வலர்களுக்கு முழுமையான வழிகாட்டி

முக்கூடல், ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் வட்டாரங்களில் பல வீட்டுப் பரண்களில் அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று துணி சுற்றிக் கிடக்கிறது. 2011இல் தொடங்கிய திட்டத்தில் பிளஸ் டூ படித்த அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்தது. பேட்டரி போயிருக்கும், விண்டோஸ் திறக்கவே கால் மணி நேரம் ஆகும். அதே வீட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, பள்ளியில் வாரத்துக்கு ஒரு தடவை நாலு பேரோடு சேர்ந்து ஒரு கணினியை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைக்கப் பெரிய பணம் வேண்டாம். மூன்று பேரும், ஒரு பொது அறையும், யாரும் நகலெடுத்துப் பகிரவும் மாற்றவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளும் போதும்.

அப்படி ஒரு வகுப்பைத் தொடங்கி, இரண்டு வருஷத்தில் நீங்கள் இல்லாமலேயே ஊர்ப் பிள்ளைகள் நடத்தும் நிலைக்குக் கொண்டுபோவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. தொடங்குவது அத்தனை கடினமில்லை. தொடங்கியவருக்குச் சென்னையில் வேலை கிடைத்ததும் பூட்டு விழுந்துவிடுகிறதே, அதைத் தடுப்பதுதான் பெரிய வேலை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் அதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

படி 1: முதலில் ஆட்கள், அப்புறம்தான் கணினி

மூன்று பேருக்குக் குறைந்து தொடங்காதீர்கள். ஒருவர் ஊரிலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும், ஒருவருக்காவது லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாக நாம் ஏற்றப்போகும் கட்டற்ற இயங்குதளம்) கைவர வேண்டும், ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையை மட்டும் எதற்காகவும் தளர்த்தாதீர்கள். அக்கா ஒருவர் இருந்தால்தான் பெண் பிள்ளைகள் வருவார்கள், எட்டாம் வகுப்புக்கு மேலும் நிற்பார்கள்.

ஆள் தேட அதிக தூரம் போக வேண்டாம். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், நெல்லையில் அரசு பொறியியல் கல்லூரி, பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு கல்லூரி என்று மாணவர்கள் நிறைந்த ஊர் இது. என்.எஸ்.எஸ். பொறுப்பாசிரியரைப் போய்ப் பார்த்தால் ஆர்வமுள்ள பிள்ளைகளைக் காட்டுவார். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற ஐ.டி. இளைஞர்களும் இப்போது கிராமங்களில் உண்டு. எல்லாரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஆறு மாசத்துக்கு, வாரம் ஒரு நாள், தவறாம வர முடியுமா?" ஒரே மாசத்தில் எல்லாவற்றையும் மாற்றிக் காட்டுகிறேன் என்பவரைவிட, சனிக்கிழமை நாலரை மணிக்குச் சொன்னபடி வந்து நிற்பவர்தான் வேண்டும்.

படி 2: எல்லாத் தெருப் பிள்ளையும் ஏறி வரும் இடம்

நம் பக்கத்தில் மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய படி இது. இடம் தருகிறேன் என்று முதலில் வருவது பெரும்பாலும் ஒரு சமுதாயத்தின் மண்டபமாகவோ ஒரு கோயிலின் திருமண மண்டபமாகவோ இருக்கும். நல்ல மனதோடுதான் தருவார்கள். ஆனால் அந்தப் படியில் ஏற வேறு தெருப் பிள்ளை தயங்கும், அதன் வீட்டார் அதைவிடத் தயங்குவார்கள். ஒரு தடவை "அது அவங்க கிளாஸ்" என்று பெயர் விழுந்துவிட்டால் பிறகு யார் சொன்னாலும் மாறாது. ஆகவே ஊர்ப்புற நூலகம், ஊராட்சித் தொடக்கப் பள்ளி, கிராம சேவை மையம் என்று அரசுப் பொது இடமாகவே கேளுங்கள். நூலகத்தில் இன்னொரு வசதியும் உண்டு, கணினிக்காக வரும் பிள்ளை புத்தகத்தையும் எடுத்துப் புரட்டும்.

ஊராட்சித் தலைவருக்கும் தலைமையாசிரியருக்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். யார் நடத்துகிறார்கள், எந்த நாள், எத்தனை மணி, சாவி யாரிடம், மின்கட்டணம் யார் பொறுப்பு என்று ஒரே பக்கத்தில் இருக்கட்டும். நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் வந்து ஆள் மாறினாலும் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

நேரத்தைப் பிள்ளைகளின் அம்மாக்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். "இருட்டுனப்பறம் பொட்டப்பிள்ளய விடமாட்டேன் தம்பி" என்று ஒரு தாய் சொன்னால் அதற்கு மேல் வாதம் வேண்டாம், ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஊர்க் கொடை, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போகிற நாள், ஆடி அமாவாசை ஆகிய நாட்களில் ஒரு பிள்ளையும் வராது. ஆண்டுத் தொடக்கத்திலேயே காலண்டரில் குறித்துவிட்டு அந்த வாரங்களில் வகுப்பே வைக்காதீர்கள்.

பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வாங்குங்கள். வகுப்பு நடக்கும்போது பெரியவர்கள் இரண்டு பேர் எப்போதும் இருக்க வேண்டும். பிள்ளைகளின் படத்தை முகநூலிலோ வாட்ஸப் ஸ்டேட்டஸிலோ போடக் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது.

படி 3: பழைய கணினிகளைச் சேர்ப்பது

இப்போது நல்ல சமயம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் வேண்டும். அதனால் அலுவலகங்களும் கல்லூரிகளும் நன்றாக ஓடும் கணினிகளையே ஓரங்கட்டுகின்றன. உங்களுக்கு அவை தாராளம்.

கேட்கும்போது குறைந்தபட்சத் தேவையைச் சொல்லிவிடுங்கள்: 64 பிட் பிராசஸர், 4 ஜிபி ராம். 2 ஜிபி இருந்தாலும் ஒப்பேற்றலாம், ஆனால் பிரவுசரைத் திறந்தால் திணறும். 32 பிட் மட்டுமே ஏற்கும் மிகப் பழைய கணினியை அன்போடு மறுத்துவிடுங்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில், 2025 ஆகஸ்டில் வெளியான 13ஆம் பதிப்புக்கு 32 பிட் நிறுவியே இல்லை. குப்பையை ஏற்றுக்கொண்டால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதைச் சீர்படுத்துவதிலேயே போகும்.

தேர்வு உங்கள் கையில் இருந்தால் டெஸ்க்டாப்பைவிட மடிக்கணினியே மேல். மின்சாரம் குறைவாக இழுக்கும், வகுப்பு முடிந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டலாம். பேட்டரி செத்திருந்தாலும் கவலை இல்லை, சார்ஜர் சரியாக இருந்தால் போதும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதல் செலவு எஸ்எஸ்டிக்குத்தான் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் வேகமான சேமிப்பகம்). பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 120 அல்லது 240 ஜிபி எஸ்எஸ்டி மாட்டினால் பத்து வருஷத்துக் கணினி கண்ணெதிரே உயிர்பெறும். இரண்டாவது செலவு ராம். தேதி நேரம் தப்பாகக் காட்டுகிற டெஸ்க்டாப்புக்கு, பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கிற சிஆர்2032 பொத்தான் பேட்டரியை மாற்றினால் போதும்.

கொடுத்தவரின் கோப்புகள் டிஸ்க்கில் இருந்தால் அவரிடம் கேட்டு, வேண்டியதை எடுத்துக்கொடுத்துவிட்டு முழுவதும் அழியுங்கள். கல்யாணப் படம் முதல் வங்கிக் கடிதம் வரை எல்லாம் அதில் இருக்கும்.

படி 4: லினக்ஸ் ஏற்றுவது

ஏன் கட்டற்ற மென்பொருள்? இலவசம் என்பதற்காக மட்டுமல்ல. கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்க 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். அதிலிருந்து வளர்ந்த கட்டற்ற மென்பொருள் என்ற கருத்துக்குள் நாலு உரிமைகள் இருக்கின்றன. எதற்காகவும் இயக்கலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம், நகல் எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம், மாற்றி அந்த மாற்றத்தையும் பகிரலாம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னல் (இயங்குதளத்தின் கரு) க்னூவோடு சேர்ந்துதான் இன்று நாம் நிறுவும் லினக்ஸ் ஆனது. ஒரு கிராமத்து வகுப்புக்கு மூன்றாவது உரிமை மிகப் பெரிய விஷயம். திருட்டு சிடியில் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு மென்பொருள் என்றால் ஒளித்து வைத்துக்கொள்ள வேண்டியது என்ற எண்ணம் பதிந்துவிடும். இங்கே கற்கும் பிள்ளை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மாமன் வீட்டுக்குப் போய்த் தைரியமாக நிறுவிக் கொடுக்கும்.

இது முடியுமா என்று யாராவது கேட்டால் செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு, புனலூர் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். கேரளத்து அரசுப் பள்ளிகளில் பல வருஷங்களாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினிப் பாடம் நடக்கிறது. அதற்கென்றே உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து ஓர் இயங்குதளத்தை அவர்கள் பராமரிக்கிறார்கள்.

வகுப்புக்கு என் தேர்வு லினக்ஸ் மின்ட் என்ற வகை, அதிலும் பழைய கணினியில் இலகுவாக ஓடும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ராமிலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் சுகமாக ஓடும். விண்டோஸ் பார்த்த கண்ணுக்கு அந்நியமாகவும் தெரியாது.

நிறுவும் முறை இதுதான்: நல்ல இணையம் இருக்கும் இடத்தில் மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவி முழுவதும் அடங்கிய கோப்பு) இறக்குங்கள், அது பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் ஷா256 சரிபார்ப்பு எண்ணையும் ஒத்துப்பாருங்கள். 16 ஜிபி பென் டிரைவில் வென்டாய் என்ற கருவியை ஏற்றிவிட்டால் அதில் ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி செய்தால் போதும். ஒரே டிரைவில் பல இயங்குதளங்களை வைத்துக்கொள்ளலாம். கணினியை அதிலிருந்து பூட் செய்து, நிறுவாமல் முதலில் பென் டிரைவிலிருந்தே லைவாக ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கீபோர்டின் ஒவ்வொரு கட்டை, திரையின் வெளிச்சம் எல்லாம் சரியா என்று பார்த்த பிறகு நிறுவுங்கள்.

ஒரு கணினியில் எல்லாவற்றையும் அமைத்து முடித்ததும், குளோன்சில்லாவைக் கொண்டு அந்த டிஸ்க்கை அப்படியே ஒரு பிம்பமாக எடுத்து மற்றவற்றில் இறக்குங்கள். அதே அளவோ பெரிய அளவோ உள்ள டிஸ்க்காக இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து நிறுவுவதைவிட இது பல மடங்கு வேகம். அப்புறம் மின்ட்டிலேயே இருக்கும் டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள். பிள்ளைகள் எதையாவது கலைத்துவிட்டால் சில நிமிஷங்களில் பழைய நிலைக்குத் திருப்பலாம். கலைக்கட்டும், கலைத்துப் பார்த்துத்தான் பயம் போகும்.

நிறுவ வேண்டியவை: லிப்ரெஆஃபீஸ் (அலுவலக வேலைக்கு), ஃபயர்ஃபாக்ஸ் (பிரவுசர்), டக்ஸ் பெயின்ட் (படம் வரைய), ஜிகாம்ப்ரி (கல்வி விளையாட்டுகள்), டக்ஸ் மேத் (கணக்கு விளையாட்டு), ஸ்கிராட்ச் (கட்டங்களை அடுக்கி நிரல் எழுத), பைத்தான் நிரல்மொழிக்குத் தானி என்ற எடிட்டர். பார்வைக் குறையுள்ள பிள்ளை ஊரில் இருந்தால் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஆர்கா திரைவாசிப்பானை மறக்காமல் இயக்கிக் காட்டுங்கள். ஈஸ்பீக் குரலில் தமிழும் வாசிக்கும்.

படி 5: மின்சாரம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகுதான் முதல் பிளக்கைச் சொருக வேண்டும். தரையில் ஓடும் எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம், சுவரோரமாக அடித்துவிடுங்கள். ஆறு மடிக்கணினிகள் சேர்ந்து ஏறக்குறைய 240 வாட் இழுக்கும். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி வைத்த சாதாரண வீட்டு இன்வெர்ட்டரே இழப்பு போக நாலைந்து மணி நேரம் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் மெயின் பிளக்கையே கழற்றிவிடுங்கள்.

படி 6: என்ன சொல்லித் தருவது

"கணினி என்றால் என்ன, அதன் பாகங்கள் யாவை" என்று கரும்பலகையில் தொடங்காதீர்கள். அதைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிட்டார்கள். முதல் நாளே கையில் மவுஸ் இருக்க வேண்டும். டக்ஸ் பெயின்டைத் தமிழ் இடைமுகத்தோடு திறந்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள். மவுஸ் பிடிக்கும் கை இரண்டு வாரத்தில் பழகிவிடும். ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இடம் மாற்றம். மணி பார்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் சத்தமாகப் பேசும் பிள்ளையே கடைசிவரை மவுஸை வைத்திருக்கும்.

அடுத்து தமிழ்த் தட்டச்சு. அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து மாற்றும் முறையைத் தவிர்த்து, தமிழ்99ஐயே முதலிலிருந்து பழக்குங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. மின்ட்டில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற இரண்டு தொகுப்புகளை நிறுவி, உள்ளீட்டு முறையில் தமிழ்99ஐச் சேர்த்தால் வந்துவிடும்.

உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என்று நாலு கட்டை அடித்தால் அம்மா வந்துவிடும். திருநெல்வேலிக்கு த, இ, ர, உ, ந, எ, ல, புள்ளி, வ, ஏ, ல, இ, மொத்தம் பன்னிரண்டு கட்டைகள். உயிர்மெய் எப்படிப் பிறக்கிறது என்று இலக்கண வகுப்பில் புரியாத பிள்ளைக்கு இங்கே விரல் நுனியில் புரியும். தமிழே வாசிக்கத் திணறும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது பயிற்சிதான். தன் பெயர், அம்மா பெயர், தெருப் பெயர் என்று அடிக்கச் சொல்லுங்கள். வெறும் எழுத்து வரிசையை அடிக்கச் சொன்னால் சலித்துவிடும்.

மூன்றாவது மாதத்திலிருந்து லிப்ரெஆஃபீஸ். அதில் கடிதம் எழுதும் செயலியான ரைட்டரில் விடுப்பு விண்ணப்பம் ஒரு தடவை அடித்தால் போதும். அதற்குப் பிறகு உண்மையான மனு எழுதட்டும். தெருவிளக்கு எரியவில்லை, மினிபஸ் நேரத்துக்கு வரவில்லை என்று திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குக் கொடுக்கும்படியாக எழுதி, பிரின்ட் எடுத்து, பெரியவர் ஒருவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

அதிலேயே கணக்குத் தாள் போடும் கால்க்கை நடத்த, பீடி சுற்றும் வீடுகள் உள்ள ஊரில் பீடிக்கடை பாஸ்புக்கைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. ஒரு பிள்ளை அம்மாவின் பாஸ்புக்கைக் கொண்டுவரட்டும். தேதி, வாங்கிய இலை, தூள், கடையில் போட்ட பீடி, கழித்த பீடி, கூலி என்று பத்திகள் போடுங்கள். போட்ட எண்ணிக்கையை 1000ஆல் வகுத்து, கூலியால் பெருக்கும் ஒரு சூத்திரம். அதைக் கீழே இழுத்ததும் மாதம் முழுவதற்கும் கணக்கு வந்து நிற்கும். பீடித் தொழிலுக்குப் பி.எஃப். பிடித்தம் 10 சதவீதம், அதற்கு இன்னொரு பத்தி. இலை குறைந்து கைக்காசில் வாங்கியதற்கும் ஒரு பத்தி சேருங்கள். அம்மாவுக்கு மாதம் உண்மையில் என்ன மிஞ்சுகிறது என்று அந்தப் பிள்ளை முதல் தடவையாகப் பார்க்கும். அதை வீட்டில் போய்ச் சொல்லும். இந்த ஒரு தாளுக்காகவே நாலு வகுப்புகள் ஒதுக்கலாம். ஒன்று மட்டும் கவனம், அந்தக் கணக்கு அந்த வீட்டினுடையது. மற்றவர்கள் முன்னால் தொகையை வாசிக்கக் கூடாது, பயிற்சிக்கு எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

நிரலாக்கத்துக்கு அவசரம் வேண்டாம். ஸ்கிராட்சில் ஒரு கதையையோ விளையாட்டையோ செய்யட்டும், எட்டாம் வகுப்புக்கு மேல் பைத்தான். பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், "கூலி", "எண்ணிக்கை" என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளும். கட்டளைகளும் தமிழிலேயே உள்ள எழில் என்ற கட்டற்ற நிரல்மொழியையும் காட்டுங்கள். ஆனால் நின்று பழக வேண்டியது பைத்தான்தான், வேலைக்குப் போகிற இடத்தில் அதுதான் இருக்கும்.

படி 7: இணையம் இல்லாத நாளும் வகுப்பு நடக்கட்டும்

சிக்னல் மலையடிவார ஊர்களில் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி எல்லாக் கணினியிலும் வைத்துவிடுங்கள். 2003இல் தொடங்கிய களஞ்சியம் அது, இணையம் இல்லாமலே தேடிப் படிக்கலாம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்திலிருந்து பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான நூல்களையும் ஒரு ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள்.

இணையம் கிடைக்கும் நாளில் பாஸ்வேர்டு, ஓடிபி, போலி லிங்க் பற்றி ஒரு வகுப்பு கட்டாயம் எடுங்கள். வீட்டில் ஆச்சிக்கு வரும் முதியோர் உதவித்தொகைக் கணக்கு ஓடிபியைப் போனில் கேட்டால் சொல்லக் கூடாது என்பதை அந்தப் பிள்ளைதான் போய்ச் சொல்ல வேண்டும்.

படி 8: ஊரை வரைபடத்தில் ஏற்றுங்கள்

ஆறு மாதம் கடந்த பிள்ளைகளுக்கு நான் தரும் வேலை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம் அது. நம் பக்கத்தில் அதற்குக் கொள்ளை வேலை இருக்கிறது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்கள், ஒவ்வொரு காலிலும் தொங்கும் குளங்கள், குளத்துக்கு மடைகள், மறுகால் போகும் ஓடைகள். கன்னடியன் கால்வாய் பெயரோடு இருக்கும், ஆனால் உங்கள் ஊர்க் குளத்துக்கும் மடைக்கும் பெயர் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை இந்தச் சீமையில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. குளங்கள் உடைந்து ஊர்கள் துண்டிக்கப்பட்டன. வெளியூரிலிருந்து மீட்புக்கு வருபவருக்கு எந்தத் தெரு தாழ்வு, எந்தக் கரையில் வண்டி போகும் என்று எப்படித் தெரியும்? அதை ஏற்றி வைக்க உள்ளூர்ப் பிள்ளையால் முடியும்.

செய்முறை எளிது. முதல் வாரம் பிள்ளைகளை விவசாயி ஒருவரோடு குளக்கரைக்கு அழைத்துப் போங்கள், மழைக்காலத்தில் வேண்டாம். அவர் சொல்லும் பெயர்களை நோட்டில் எழுதட்டும். இரண்டாவது வாரம் பிரவுசரில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் ஐடி (iD) எடிட்டரைத் திறந்து செயற்கைக்கோள் படத்தின் மேல் கரையை வரைந்து, தமிழில் பெயரை ஏற்றட்டும். ஆன்ட்ராய்டு போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி இருந்தால் நடந்துகொண்டே விடுபட்டதை நிரப்பலாம். ஒரு விதியை அழுத்திச் சொல்லுங்கள்: கூகுள் மேப்பைப் பார்த்து ஒரு எழுத்துகூடக் காப்பி அடிக்கக் கூடாது. கண்ணால் பார்த்தது, ஊர்ப் பெரியவர் வாயால் கேட்டது மட்டும்தான். தனியார் வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பதையும் ஏற்றக் கூடாது.

வரைபடம் பிடிக்காத பிள்ளைக்கு, கணினிக்குப் பேச்சைப் புரியவைக்கக் குரல்களைச் சேர்க்கும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் இருக்கிறது, பெரியவர்கள் தமிழ் வாக்கியங்களை நெல்லைக் குரலில் வாசித்துக் கொடுக்கலாம். பத்தமடைப் பாய், காருகுறிச்சி மண்பாண்டம் பற்றி நேரில் பார்த்துப் படம் எடுத்து, யாரும் பயன்படுத்தக்கூடிய படங்களின் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம், செய்பவரின் அனுமதியோடு.

படி 9: சாவியைக் கொடுப்பது

முதல் வருஷம் முடியும்போது வகுப்பிலிருந்தே நாலு பேரைத் தேர்ந்தெடுங்கள், இரண்டு பேர் பெண் பிள்ளைகள். நன்றாகச் செய்பவரைவிட, பக்கத்தில் இருப்பவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவரைப் பாருங்கள். அவர்கள் முதலில் ஒரு பாடம் எடுக்கட்டும், நீங்கள் பின்னால் உட்காருங்கள், இடையில் பேசாதீர்கள். அடுத்து நிறுவல். பென் டிரைவைக் கையில் கொடுத்து ஒரு கணினியை முழுவதும் அழித்து அவர்களே மறுபடியும் ஏற்றட்டும். கழற்றி ராம் மாற்றட்டும்.

ஒரு கெட்டி அட்டை நோட்டு போடுங்கள். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கம்: யார் கொடுத்தது, எப்போது, என்ன மாற்றினோம், என்ன பழுது. இன்னொரு நோட்டில் வரவு செலவு, மாதம் ஒரு தடவை அதை நூலகப் பலகையில் ஒட்டிவிடுங்கள். கட்டணம் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கடைக்கார அண்ணாச்சியோ வெளியூரில் இருக்கும் ஊர்க்காரரோ தருவதை வாங்கி ரசீது கொடுங்கள். நிர்வாகி பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டி நூலகரிடம் கொடுத்து வையுங்கள், ஒருவர் மண்டையில் மட்டும் இருக்கக் கூடாது.

இரண்டாம் வருஷத்தில் மாதம் ஒரு தடவை மட்டும் போங்கள். சந்தேகம் வந்தால் பிள்ளைகள் உங்களுக்குப் போன் போடுவதற்கு முன் கணியம் போன்ற தமிழ்த் தளங்களிலும், லினக்ஸ் மின்ட் மன்றத்திலும் தேடப் பழக்குங்கள். பக்கத்து ஊரிலிருந்து யாராவது வந்து கேட்டால், குளோன் பிம்பம் இருக்கும் டிஸ்க்கையும் பீடிக் கணக்குத் தாளின் வெற்றுப் படிவத்தையும் கொடுத்து, கூடவே வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் ஒரு சனிக்கிழமைக்கு அனுப்பி வையுங்கள். துணைக்கு அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரும் போகட்டும்.